உட்கார்ந்த உயரத்தில் சோழநாடு

வியாழன் இரவு, தஞ்சாவூர்

வீல்சேரில் ஊர் சுற்றும் எங்களுக்கு, அறை பிடித்து முடித்தாலே பாதிப் பயணம் முடிந்த மாதிரி. போனில் "படி இருக்கா?" என்று கேட்டால், "இல்லவே இல்லைங்க, கிரவுண்ட் ஃப்ளோர்தான்" என்பார்கள். "வாசல்ல?" என்றால், "வாசல்ல ரெண்டே ரெண்டு படிதாங்க, நம்ம பசங்க தூக்கி விட்டுருவாங்க" என்று பதில் வரும். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. நடந்து ஏறுகிறவர்களுக்கு அந்த இரண்டு படி கண்ணில் படுவதே இல்லை, அவ்வளவுதான்.

அதனால் இப்போதெல்லாம் படியைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டேன். வாசலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். குளியலறைக் கதவை டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்கிறேன். என் வீல்சேரின் வெளி அகலம் 25 அங்குலம். லாட்ஜ் குளியலறைக் கதவுகள் பல இடங்களில் இரண்டடிதான். அந்த ஒரு அங்குலத்துக்காக, மற்றதெல்லாம் நன்றாக இருந்த எத்தனையோ அறைகளை விட்டிருக்கிறேன்.

சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் போய்விட்டன. சோழர் கோயில்களை நிதானமாகப் பார்க்கவேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. கூட வருவது என் தம்பி. திருச்சியிலிருந்து அவன் காரிலேயே வந்துவிட்டோம். டிக்கியில் ஒரு பிளைவுட் பலகை இருக்கிறது. மூன்றடி நீளம், மேலே பழைய ரப்பர் விரிப்பை ஆணி அடித்து ஒட்டியிருக்கிறான். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று ஒரு கணக்கு உண்டு. ஓர் அங்குலம் ஏற ஓரடி நீளம் வேண்டும். மூன்று அங்குல வாசற்படிக்கு மூன்றடிப் பலகை. இந்த லாட்ஜ் வாசலில் அது சரியாகப் பொருந்தியது. குளியலறைக்கு உள்ளே போகவும் முடிகிறது, திரும்பி வெளியே வரவும் முடிகிறது. இன்றைக்கு இது போதும்.

வெள்ளி, பெரிய கோயில்

காலையில் நடை திறக்கும்போதே போய்விட்டோம். தை மாதக் குளிர் கல்லில் இருந்தது. கொஞ்சம் வெயில் ஏறினால் தரை கொதிக்கும். நடப்பவர்கள் ஓடிவிடலாம், சக்கரத்தைக் கையால் தள்ளுகிறவள் ஓட முடியாது.

உள்ளே போகுமுன் தம்பி நான்கு சக்கரங்களையும் ஈரத்துணியால் துடைத்தான். வேறொரு ஊர்க் கோயிலில், வெளியே ஓடிய சக்கரம் செருப்புக்குச் சமம் என்று சொல்லி, கோயில் நாற்காலிக்கு மாறச் சொன்னார்கள். அந்த நாற்காலிக்குக் கால் வைக்கும் தட்டு கிடையாது, இருக்கையின் துணி தொய்ந்து கிடந்தது. என் வீல்சேர் என் முதுகுக்கும் இடுப்புக்கும் ஏற்ப அமைத்தது. மாற்றி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் தோல் கன்றிப்போகும், அது புண்ணானால் ஆற மாதக்கணக்காகும். என் நாற்காலி எனக்குக் கால். செருப்பு என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேரளாந்தகன் திருவாயிலைத் தாண்டி, ராஜராஜன் திருவாயிலுக்கு வந்தோம். வாசற்கல் மேடுபள்ளங்களில் தம்பி நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி, பெரிய சக்கரத்தை முதலில் ஏற்றினான். ஏறுவது எப்போதும் முதுகுப் பக்கமாகத்தான். புதிதாக உதவ வருகிறவர்கள் முன்னால் இழுக்கப் பார்ப்பார்கள், சின்னச் சக்கரம் கல்லில் இடித்து ஆள் குப்புற விழவேண்டியதுதான்.

ராஜராஜன் திருவாயிலில் பிரம்மாண்டமான துவாரபாலகர்களை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகிறார்கள். எனக்கு நேர் எதிரே இருந்தது அடித்தளம். அதில் வரிசையாகச் சின்னச் சின்னச் சிற்பங்கள், சிவன் கதைகள். கண்ணப்பர் இருக்கிறார், மார்க்கண்டேயர் இருக்கிறார். ஒரு முழ உயரம்கூட இல்லாத உருவங்களுக்கு அத்தனை அசைவு. கூட்டம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அந்த வரிசைக்கு முன்னால் நின்றவர்கள் நானும் தம்பியும்தான். அவனும் குனிந்துதான் பார்த்தான்.

உள்முற்றம் எவ்வளவு விசாலம்! கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குச் சமதளம். அடுக்கடுக்காகப் பதின்மூன்று நிலை, 216 அடி விமானம். உச்சியைப் பார்க்க நாற்காலியில் இருந்தபடி கழுத்தை அண்ணாந்தால் பிடரி வலிக்கும். தம்பி கைப்பிடியைப் பிடித்து நாற்காலியை மெதுவாகப் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரங்களின் மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டான். முழு விமானமும் என் மேல் கவிந்தது. "போதுமாக்கா?" என்றான். "இன்னும் கொஞ்ச நேரம்டா" என்றேன். கை நடுங்கும்வரை பிடித்திருந்தான்.

அப்புறம் விமானத்தின் அடியோரமாகவே நகர்ந்தோம். கல்வெட்டுகள் ஓடுவது அங்கேதான், வரிவரியாக. உட்கார்ந்த கண்ணுக்கு நேராகவே எத்தனையோ வரிகள். எழுத்து ஒவ்வொன்றும் உளி வைத்த ஆழத்தோடு அப்படியே இருக்கிறது. விரலை வைக்காமல் பக்கத்தில் மட்டும் கொண்டுபோய், தெரிந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். தான் கொடுத்ததற்கு அடுத்தபடியாகவே அக்கா குந்தவை. தம்பியிடம் சொன்னேன். "அக்காவுக்கு ரெண்டாவது இடம் குடுத்துட்டாரே" என்றான்.

இந்தக் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் சொல்லித் தெரிந்ததுதான் எனக்கும். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், நாளுக்கு ஓர் உழக்கு நெய். கோயிலில் ஆட 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் நடனப் பெண்கள்; அவர்கள் ஒவ்வொருவர் பெயரும், எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு என்பதுவரை. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கட்டிய குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சனுக்கும் கல்லில் இடம் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆள் ஆளாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு ஊர்த் திட்டம் போடும்போது என் போன்றவர்களை அப்படி எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

சன்னதிக்கு ஏறும் படிகள் உயரமானவை. இரண்டு மூன்று பேர் தாமாகவே வந்து "தூக்கட்டுமாம்மா?" என்றார்கள். நல்ல மனசு. வேண்டாம் என்றேன். தூக்குகிறவர்கள் முதலில் பிடிப்பது கை வைக்கும் கட்டையை; என் நாற்காலியில் அது கழன்று வரும். முன்பின் தெரியாத ஆண்கள் நான்கு பேர் தூக்க, பாதிப் படியில் ஒருவர் பிடி நழுவினால் என்ன ஆகும் என்று நினைத்தபடியே சாமி கும்பிட எனக்கு வராது. தூக்கிக்கொண்டு போவது உதவி. அதை வசதி என்று கணக்கு எழுதிவிடக் கூடாது. ஓராள் உயரம், ஆறடி என்றே வைத்துக்கொண்டாலும் அதற்குச் சாய்தளம் 72 அடி வேண்டும். பலகை போட்டு முடிகிற காரியம் இல்லை. கீழே நந்தி மண்டபத்துப் பக்கம் இருந்து கும்பிட்டேன்.

சனி, தஞ்சையிலிருந்து கும்பகோணம்

காலையில் அரண்மனைக் கலைக்கூடம். பல சிலைகள் பார்த்தேன், ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன். ராஜராஜன் காலம், 1011-ஐ ஒட்டியது. தலைமுடியைப் பாம்போடு சுற்றித் தலைப்பாகை மாதிரிக் கட்டியிருக்கிறார். ஒரு காலைக் குறுக்கே வைத்து, ஒரு கையைக் காளையின் மேல் சாய்த்து நிற்கிறார். காளை இல்லை. காளை இல்லாவிட்டாலும் அது நின்ற உயரம் தெரிகிறது, அதன் முதுகு தெரிகிறது, அந்தக் கை எவ்வளவு நிம்மதியாக அதன் மேல் கிடக்கிறது என்று தெரிகிறது. ஒன்றின் மேல் சாய்ந்து நிற்பதில் இத்தனை அழகு இருப்பதை அந்தச் சிற்பி கண்டிருக்கிறான். வெகுநேரம் அங்கேயே இருந்தேன். தோளும் இடுப்பும் வளையும் இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

மதியம் கும்பகோணம் சாலை. அய்யம்பேட்டை, பாபநாசம் தாண்டி இரண்டு பக்கமும் கதிர் சாய்ந்த வயல். வழியில் சுவாமிமலை. முருகன் கோயிலுக்கு அறுபது படி, தமிழ் வருஷங்கள் அறுபதின் பெயரில். தம்பியை மேலே அனுப்பிவிட்டு, கீழே ஒரு சிற்பக் கூடத்துக்குப் போனேன். அங்கே எல்லோருக்கும் வேலை தரையில்தான். நானும் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டேன். "வாங்கக்கா, இப்படி வெளிச்சத்துல உக்காருங்க" என்று ஒரு பையன் சாக்கை விரித்துப் போட்டான்.

தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த உருண்டையை அவன் விரலால் அழுத்தி அழுத்தி ஒரு பாதத்தைச் செய்துகொண்டிருந்தான். மெழுகு இறுகினால் சூட்டில் காட்டி இளக்குகிறான். சூடான இரும்புக் கரண்டியை லேசாகத் தொட்டு இரண்டு துண்டை ஒட்டுகிறான். அளவுக்கு ஸ்கேல் கிடையாது, தென்னை ஓலைத் துண்டு. சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாளம் (சிலைக்கான அளவு) பிரிக்கிறார்கள். மெழுகுப் பாதத்தின் சுண்டுவிரல் நகத்தை அவன் கீறிய விதத்தைப் பார்க்கவேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே கீறல். பிறகு காவிரி வண்டல் மண்ணை மேலே பூசி, காயவைத்து, கனமான மண் பூச்சும் பூசி, சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம். மெழுகில் எந்தத் தவறு இருந்தாலும் அப்படியே உலோகத்தில் வரும் என்றார் பெரியவர் ஒருவர். யாரும் என் காலைப் பற்றிக் கேட்கவில்லை.

கும்பகோணத்தில் புதிதாகப் போட்ட நடைபாதை ஒன்றில் ஏறப் பார்த்தோம். ஏற ஓரடி, நடுவில் மின்கம்பம், முடியுமிடத்தில் இறங்க வழியில்லை. இது இந்த ஊரில் மட்டும் இல்லை, போகிற ஊரெல்லாம் இதே கதைதான். பழைய ஊர் என்றாலே வீல்சேர் போகாது என்று சொல்வார்கள். பெரிய கோயில் முற்றத்தில் நேற்று யார் உதவியும் இல்லாமல் நானே உருட்டிக்கொண்டு போனேன். இந்த நடைபாதைக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகியிருக்காது.

ஞாயிறு, தாராசுரம்

இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும். ஊர் சுற்றும் நாளில் காலையிலிருந்து நான் தண்ணீர் குடிப்பதில்லை. வீல்சேரில் வரும் பெண்கள் பலரைக் கேட்டுப் பாருங்கள், அதே பதில் வரும். வெளியே நாங்கள் நுழையக்கூடிய கழிப்பறை எங்கே இருக்கும் என்று தெரியாது. வீல்சேர் படம் போட்ட கதவைக் கண்டு ஓடிப்போனால் பூட்டியிருக்கும். சாவி வாங்கித் திறந்தால் உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும் இருக்கும். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். பயணம் முடிந்து ஊர் திரும்பியதும் மாத்திரை. சுற்றுலாத் திட்டம் போடுகிறவர்கள் விளக்கு அலங்காரத்துக்கு முன்னால் இதை யோசிக்கவேண்டும். இன்று ஒரு ஓட்டலில் கதவு அகலமாக இருந்தது. உடனே இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு டிகிரி காபியும் குடித்தேன்.

சரி, தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, பன்னிரண்டாம் நூற்றாண்டு. தஞ்சாவூரில் எல்லாம் பெரிது, இங்கே எல்லாம் நுணுக்கம். வாசலில் பலகையும் தம்பியும் வேண்டியிருந்தது. முன்மண்டபத்தைத் தேராகவே செதுக்கியிருக்கிறார்கள், கல் சக்கரமும் இழுக்கும் குதிரையுமாக. அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுக்கவேண்டும் என்று தம்பிக்கு ஒரே பிடிவாதம். எடுத்துக்கொண்டோம், நன்றாக வந்திருக்கிறது.

ரிஷபமும் குஞ்சரமும் ஒரே தலையில் இருக்கும் சிற்பம் இங்கே உண்டு. இந்தப் பக்கத்து உடலை மறைத்தால் யானை, அந்தப் பக்கத்தை மறைத்தால் காளை.  ஒரு சிறுமி ஒவ்வொரு பக்கமாகக் கையால் மறைத்து "யானை, மாடு, யானை, மாடு" என்று அவள் ஆயாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆயா முட்டிவலி என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். படிகளைப் பற்றி நானும் அவரும் பேசிக்கொண்டோம். வீல்சேருக்காகச் செய்யும் வழி ஆயாக்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் ஆகும் என்பதைப் புரியவைக்க மாநாடு போட வேண்டியதில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்றால் போதும்.

கருவறையின் வெளி அடித்தளத்தைச் சுற்றி அறுபத்துமூவர் கதை, பெரியபுராண வரிசையில். சின்னச் சின்னப் பலகைச் சிற்பங்கள், சிலவற்றின் மேல் பெயர் வெட்டியிருக்கிறது. நின்று பார்ப்பவர்கள் இடுப்பை ஒடித்துத்தான் பார்க்கவேண்டும். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. ஒரு பலகை, ஒரு தள்ளு, அடுத்த பலகை என்று முழு மாலையும் போனது.

பார்த்துக்கொண்டே போகும்போது தண்டியடிகள் நினைவுக்கு வந்தார். கண் தெரியாதவர். திருவாரூர்க் குளம் தூர்ந்துபோனதைக் கேட்டு, அதைத் தோண்டி அகலப்படுத்த இறங்கினார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, நடுவே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே போய் மண்ணை வெட்டி, தடவிக்கொண்டே வந்து கொட்டினார். கேலி பேசியவர்கள் கம்பைப் பிடுங்கிப் போட்டார்கள் என்கிறது புராணம். கதையின் முடிவில் அவருக்குக் கண் கிடைத்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கயிறுதான் பெரிதாகப்படுகிறது. கண் தெரியாத ஒருவர் ஊர்க்குளத்தை வெட்ட, இரண்டு கம்பும் ஒரு கயிறும் போதுமாக இருந்திருக்கிறது. பிடுங்காமல் இருந்தால் போதும்.

திங்கள், கங்கைகொண்ட சோழபுரம்

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாக வந்தோம். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே இந்தக் கீழணையைக் கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதிலை உடைத்துக் கல் எடுத்தார்கள். அணை வந்ததால் எத்தனையோ வயல் விளைந்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் "புராதனச் சின்னம், ஒரு மரச் சாய்தளம்கூட வைக்க முடியாது" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்த மதில் ஞாபகம் வருகிறது. நமக்கு வேண்டும் என்று தோன்றியபோதெல்லாம் இந்தக் கோயில்களில் கம்பி வேலி வைத்திருக்கிறோம், மின்விளக்கு வைத்திருக்கிறோம், மேடை கட்டியிருக்கிறோம்.

ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் சரிவில் 2020 டிசம்பரில் வீல்சேருக்கான புது லிஃப்ட் திறந்தார்கள். மேலே போட்ட கான்கிரீட் பாதையைப் பற்றித் தொல்லியல் அறிஞர்களிடையே பெரிய சர்ச்சை ஆனது. அந்தச் சர்ச்சையில் எனக்கு எதிர்ப்பாளர்கள் பக்கமும் நியாயம் தெரிகிறது. பழைய கல்லின் மேல் சிமென்ட் கொட்டுவதில் எனக்கும் சம்மதம் இல்லை. எடுத்தால் தடம் தெரியாமல் வரவேண்டும், மரமோ உலோகமோ. மெரினாவில் 2022-இல் மணலின் மேல் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்களே, அந்த மாதிரி. அடுத்த மாதமே புயலில் அது சேதமானது, சரிசெய்தார்கள். கடலையே மரப்பாதை போட்டுத் தொட முடிகிறது, ஒரு வாசற்படியைத் தாண்ட முடியாதா?

கோயிலைப் பற்றிச் சொல்லாமல் வேறெங்கோ போய்விட்டேன். ராஜேந்திரன் கட்டிய இந்த விமானம் தஞ்சையை விட உயரம் குறைவு, 180 அடி. தஞ்சை விமானம் நேராக எழும்பும், இது உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. சுற்றிலும் புல்வெளி, விமானத்தைச் சுற்றிவர இடம். சிங்கமுகக் கிணறு, ஆடும் சிவன், காலடியில் காரைக்காலம்மையார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வடபுறம் வந்தோம்.

வடக்குப் படிக்கட்டை ஒட்டித்தான் சண்டேச அனுக்கிரக மூர்த்தி. தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அடியார் சண்டேசர் தலையில் சிவன் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். சிவனின் விரல்கள் மாலையை இழுத்துச் செருகும் இடத்தை மட்டும் பாருங்கள், தாய் குழந்தைக்குப் பூ வைக்கும் கை அது. சண்டேசர் கைகூப்பி, முகம் முழுக்கக் கூச்சத்தோடு இருக்கிறார். படியேற முடியாததால் அங்கேயே நின்றவள், தம்பி உள்ளே போய்த் தரிசனம் முடித்து வரும்வரை அந்தச் சிற்பத்தின் முன்னால்தான் இருந்தேன். வந்தவன் திருநீறு பூசிவிட்டான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்களுக்குள் நாங்கள் போய்வர வழி செய்யவேண்டும் என்கிறது, கெடுவும் வைத்தது. 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்சநீதிமன்றம், இதற்கான விதிகள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வாசலுக்கு வந்து சேர அளவுகள் வேண்டும். இந்தப் பயணத்தில் போன இடமெல்லாம் தம்பி டேப் வைத்து அளந்திருக்கிறான். எந்த வாசலில் எத்தனை அங்குலம், எந்தப் பக்கமாக வந்தால் படி குறைவு, மரச் சாய்தளம் வைத்தால் எவ்வளவு நீளம் வேண்டும், கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்று நோட்டில் இருக்கிறது. இரவு உட்கார்ந்து அதைப் பட்டியலாக்கி, தொல்லியல் துறைக்கும் ஆட்சியர் அலுவலகங்களுக்கும் அனுப்பப் போகிறேன். உங்கள் ஊர்க் கோயில் வாசலையும் அளந்து சொன்னால் சேர்த்து எழுதுகிறேன்.

அடுத்தது சிதம்பரம், அங்கிருந்து தரங்கம்பாடி. சிதம்பரத்தில் தரைத்தளத்தில், குளியலறைக் கதவு 26 அங்குலத்துக்குக் குறையாத அறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாசல் படம் கட்டாயம் வேண்டும்.